டாக்டர் ஆகாத ரேச்சல் கார்சன்

மலர்க் குழுவிலிருந்து போன் வந்தது. விலங்கியல் துறைக்காரர்கள் யாருமே எழுதித் தரவில்லை, ஒரு விஞ்ஞானியின் வாழ்க்கையை எழுதிக் கொடுங்கள் டீச்சர் என்று கேட்டார்கள். டார்வின், சலீம் அலி என்று இரண்டு பெயரையும் அவர்களே எடுத்துக் கொடுத்தார்கள். நான் யோசிக்காமல் ரேச்சல் கார்சன் என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் உறைத்தது. அந்த அம்மையாரைப் பற்றி எழுதினால் என் கதையையும் கொஞ்சம் அவிழ்க்க வேண்டி வரும். சரி, எழுபது தாண்டியாச்சு, இனி என்ன வெட்கம்!

எங்கள் 1974–76 எம்.எஸ்ஸி. விலங்கியல் பேட்சில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தவர்கள் நான்கு பேர். அதில் மூன்று பேர் டாக்டர் பட்டம் வாங்கினார்கள். நான்காவது ஆள் நான். பூச்சிமருந்து கலந்த தண்ணீரில் திலேப்பியா மீன் என்ன ஆகிறது என்பது என் தலைப்பு. பிளாஸ்டிக் டப்புக்குப் பத்து மீன், ஒவ்வொரு டப்பிலும் ஒரு அளவு மருந்து. 96 மணி நேரத்தில் பாதி மீன் எந்த அளவில் சாகிறது என்று பார்க்க வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கும் எழுந்து போய் செத்த மீனை எண்ணிக் குறித்துக்கொள்வேன். பிறகு செவுளை எடுத்து மெழுகில் பதித்து, மைக்ரோடோமில் சீவி, சாயம் ஏற்றி ஸ்லைடு போட வேண்டும். அந்தச் சமயத்தில் என் கைடு, அட்டை கிழிந்த ஒரு பேப்பர்பேக்கைக் கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டுப் போனார். அதுதான் கார்சன் எழுதிய 'மௌன வசந்தம்'.

மூன்றாவது வருஷம், 1979-ல், அப்பா திடீரென்று தவறிவிட்டார். இரண்டு தம்பி, ஒரு தங்கை, எல்லோரும் படித்துக்கொண்டிருந்தார்கள். பிளஸ் டூ வந்து மேல்நிலைப் பள்ளிகளுக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்த நேரம். வேலை கிடைத்தது, போய்விட்டேன். ஆய்வு அப்படியே நின்றது. கல்லூரியின் முதல் சில சந்திப்புகளுக்கு நான் வராததற்குக் காரணம் பலருக்குத் தெரியாது. தீசிஸ் சப்மிட் பண்ணியாச்சா என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற பயம்தான்.

இனி அம்மையாரின் கதைக்கு வருகிறேன்.

ரேச்சல் லூயிஸ் கார்சன் 1907 மே 27-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், அலெகேனி ஆற்றங்கரை ஊரான ஸ்பிரிங்டேலில் பிறந்தார். வீட்டுக்கு 65 ஏக்கர் நிலம் இருந்தது, காசுதான் இல்லை. அப்பா இன்சூரன்ஸ் விற்றுக்கொண்டிருந்தார். அம்மா மரியா பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக் கொடுத்தார், கடைக்குட்டியான ரேச்சலைக் கூட்டிக்கொண்டு தோட்டத்திலும் ஓடைக்கரையிலும் பறவை, பூச்சி பார்த்துத் திரிந்தார். பெண்ணுக்கு எழுத்து ஆசை. 1918-ல், பதினொரு வயதில், சிறுவர் பத்திரிகை ஒன்றில் அவர் கதை அச்சாகிவிட்டது. ஆகவே 1925-ல் பிட்ஸ்பர்க்கில் பென்சில்வேனியா மகளிர் கல்லூரியில் சேர்ந்தபோது ஆங்கில இலக்கியம் எடுத்ததில் ஆச்சரியமில்லை. ஃபீஸ் கட்டுவதற்காக அம்மா வீட்டிலிருந்த நல்ல பீங்கான் பாத்திரங்களைக் கூட விற்றார். நம் வீடுகளில் தோடும் வளையலும் அடகுக் கடைக்குப் போன மாதிரிதான்.

அந்தக் கல்லூரியில் இலக்கிய மாணவிகளும் ஒரு விஞ்ஞானப் பாடம் படித்தாக வேண்டும். ரேச்சல் உயிரியல் வகுப்பில் போய் உட்கார்ந்தார். பாடம் எடுத்தவர் மேரி ஸ்காட் ஸ்கிங்கர். கண்டிப்பானவர், நேர்த்தியாக உடுத்துபவர், மார்க் போடுவதில் கஞ்சம் என்று பெயர். அந்த வகுப்போடு ரேச்சலின் இலக்கியம் போச்சு. 1928 ஜனவரியில் உயிரியலுக்கு மாறினார். நன்றாக எழுதுகிற பெண், இப்படிப் போய்த் தவளை அறுக்கப் போகிறாளே என்று தெரிந்தவர்கள் வருத்தப்பட்டார்கள். பெண்ணுக்கு விஞ்ஞானத்தில் என்ன வேலை கிடைக்கும் என்பதும் நியாயமான கேள்விதான் அந்தக் காலத்திலே.

பால்டிமோரில் உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் 1928-லேயே ரேச்சலுக்கு இடம் கொடுத்தது. ஆனால் பணம் இல்லாததால் கல்லூரியிலேயே கடைசி வருஷத்தை முடித்துக்கொண்டு, 1929-ல் உயர் சிறப்புத் தேர்ச்சியுடன் வெளியே வந்தார். அந்தக் கோடையில் மாசசூசெட்ஸ் கடற்கரையில் உட்ஸ் ஹோல் கடல் உயிரியல் ஆய்வுக்கூடத்தில் சில வாரங்கள். ஆமையின் தலை நரம்புகளைப் பற்றி வேலை செய்தார். பிற்காலத்தில் கடலைப் பற்றி மூன்று புத்தகம் எழுதி உலகத்தையே படிக்க வைத்த இந்தப் பெண், கடலை முதல்முதலில் கண்ணால் பார்த்தது அங்கேதான், 22 வயதில்!

1929 இலையுதிர் காலத்தில் ஹாப்கின்ஸில் எம்.ஏ. விலங்கியலில் சேர்ந்தார். (அங்கே அதற்கு எம்.ஏ. என்றுதான் பெயர்.) சேர்ந்த சில வாரங்களில் அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்தது. ஸ்பிரிங்டேலில் பிழைப்பு நடத்த முடியாமல் 1930-ல் அப்பாவும் அம்மாவும் பால்டிமோருக்கே வந்து சேர்ந்தார்கள். பின்னாலேயே அக்காவும் அவருடைய இரண்டு பெண் குழந்தைகளும். மாணவி குடித்தனக்காரி ஆகிவிட்டார். முதல் வருஷ உதவித்தொகை முடிந்ததும் பகுதி நேர மாணவியாக மாறி, ரேமண்ட் பேர்ல் என்ற பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில் எலிகளையும் பழ ஈக்களையும் பராமரிக்கும் உதவியாளர் வேலை பார்த்தார். கோடை வகுப்புகளில் லேப் எடுத்தார், மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் பாடமும் நடத்தினார். காலையில் பஸ், பகலில் பிறர் எலி, மாலையில் தன் ஆராய்ச்சி. பார்ட் டைமாக ஆய்வு செய்தவர்கள் இந்த மலரைப் படிப்பவர்களில் நிறைய இருப்பீர்கள். உங்களுக்கு விளக்கம் தேவையில்லை.

ஆய்வுத் தலைப்பும் லேசில் அமையவில்லை. குழி விரியன் பாம்புகளில் ஆரம்பித்தார், சரிப்படவில்லை. அணிலுக்கு மாறினார், அதுவும் கைகூடவில்லை. நம் துறையில் இது சகஜம். செடி வைத்த இடத்தில் நிற்கும், பிராணி நிற்காது. சில சமயம் இனப்பெருக்கம் செய்யாது, சில சமயம் காரணமே தெரியாமல் கூண்டோடு செத்துப்போகும். ஒரு வருஷ உழைப்பு போய்விடும். கடைசியில் ஆற்றுக் கெளுத்தி மீனின் கருவுக்கு வந்து சேர்ந்தார். மீன் கருவில் முதலில் முன் சிறுநீரகம் என்ற ஒரு சிறு உறுப்பு தோன்றும். குஞ்சு பொரிந்து நீந்த ஆரம்பிக்கும் பருவத்தில் அதுதான் சிறுநீரக வேலையைப் பார்க்கும். பின்னால் நடுச் சிறுநீரகம் வளர்ந்து பொறுப்பை ஏற்றுக்கொள்ளும், முன்னது ஒதுங்கிக்கொள்ளும். இது எந்தப் பருவத்தில் எப்படி நடக்கிறது என்று கருவிலிருந்து இளம் குஞ்சு வரை படிப்படியாகத் தொடர்ந்தார் ரேச்சல். கேட்க ஒரு வரிதான். செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒவ்வொரு பருவத்துக்கும் எத்தனை ஸ்லைடு, ஒரு ஸ்லைடு நடுவில் கிழிந்தால் எத்தனை கண்ணீர் என்று.

1932 ஜூனில் எம்.ஏ. பட்டம் கிடைத்தது. அத்துடன் நிற்கும் எண்ணம் அவருக்கு இல்லை, டாக்டர் பட்ட ஆய்வைத் தொடர்ந்தார். இரண்டு வருஷம் இழுத்துப் பிடித்தார். 1934-ல் முடியவில்லை. படிப்பை விட்டுவிட்டு முழுநேர வேலை தேடினார். 1935-ல் அப்பா திடீரென்று இறந்துபோனார்.

இந்த இடத்தை நான் முதலில் படித்தது ஒரு பள்ளி ஆசிரியர் அறையில். ஒரு வாழ்க்கை வரலாற்றுப் புத்தகம் நூலகத்துக்கு வந்திருந்தது. வருஷங்களைக் கூட்டிக் கழித்துப் பார்த்தேன். அவர் நிறுத்தியபோது வயது 27. நான் நிறுத்தியபோது 26. அவரோடு என்னை ஒப்பிட்டுக்கொள்கிறேன் என்று தயவுசெய்து நினைத்துவிடாதீர்கள். அவ்வளவு நாள் என் ஒருத்திக்குத்தான் இப்படி நடந்தது போல ஒரு நினைப்பு இருந்தது, அவ்வளவுதான்.

வழி காட்டியவர் மறுபடியும் ஸ்கிங்கர்தான். அவரும் ஹாப்கின்ஸில் ஆய்வைத் தொடங்கி, உடல்நலக் குறைவால் விட்டு, பிறகு வாஷிங்டனில் டாக்டர் பட்டம் முடித்து அரசாங்க விஞ்ஞானி ஆனவர். அரசுப் பணித் தேர்வுகளை எழுது என்று பழைய மாணவியை விடாமல் தூண்டினார். (1948-ல் ஸ்கிங்கர் புற்றுநோயில் படுத்தபோது ரேச்சல் சிகாகோ வரை போய் அருகில் இருந்தார். ஆசிரியையாக இருந்த எனக்கு இந்தச் செய்தி எத்தனை முறை படித்தாலும் ஒரு மாதிரி ஆகிவிடும்.) அமெரிக்க மீன்வளத் துறையில் எல்மர் ஹிக்கின்ஸ் என்ற அதிகாரி, கடல் உயிர்களைப் பற்றி ஏழு நிமிட ரேடியோ நிகழ்ச்சிகள் 52 எழுத ஆள் தேடிக்கொண்டிருந்தார். விஞ்ஞானம் தெரிந்தவருக்கு எழுத வரவில்லை, எழுத வந்தவருக்கு மீன் தெரியவில்லை. ரேச்சலுக்கு இரண்டும் தெரிந்திருந்தது. தேர்விலும் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தார். 1936-ல் இளநிலை நீர்வாழ் உயிரியலாளர் பதவி கிடைத்தது. அந்தத் துறையில் இந்த நிலைப் பதவிக்கு முழுநேரமாக எடுக்கப்பட்ட இரண்டாவது பெண் அவர். அடுத்த வருஷம் அக்கா இறந்தார். அக்காவின் இரண்டு பெண்களும் சித்தியின் பொறுப்பு ஆனார்கள்.

மீன் பிடிப்புக் கணக்கு, சிப்பிப் படுகை அறிக்கை, இவற்றைத் திருத்துவதுதான் ஆபீஸ் வேலை. சம்பளம் போதாமல் பால்டிமோர் பத்திரிகைக்குக் கட்டுரை எழுதினார். நம் உல்லம் மீனைப் போலக் கடலிலிருந்து ஆறேறி வந்து முட்டையிடும் ஷாட் என்ற மீன் ஏன் குறைகிறது என்பது ஒன்று. ஆர். எல். கார்சன் என்று கையெழுத்து. ஆண் என்று நினைத்துக்கொள்ளட்டும் என்ற கணக்கு. 1941 நவம்பரில் முதல் புத்தகம் 'கடற்காற்றின் கீழே' வந்தது. அடுத்த மாதம் பேர்ல் ஹார்பரில் குண்டு விழுந்து அமெரிக்கா யுத்தத்தில் இறங்கிவிட்டது. புத்தகத்தை யார் வாங்குவார்கள்? இரண்டாயிரம் பிரதிகள் கூடப் போகவில்லை. பத்து வருஷம் கழித்து, 1951-ல், 'நம்மைச் சுற்றியுள்ள கடல்' வந்தது. 86 வாரம் நியூயார்க் டைம்ஸ் விற்பனைப் பட்டியலில் இருந்தது, தேசியப் புத்தக விருதும் வந்தது. 1952-ல் அரசாங்க வேலையை விட்டார். இந்தப் புத்தகத்துக்காக இரண்டு கௌரவ டாக்டர் பட்டங்களும் கிடைத்தன. பணம் கட்ட முடியாமல் நின்றுபோன பட்டம், வேறு வாசல் வழியாக வீடு தேடி வந்தது என்று சொல்லலாம். ஆனால் கௌரவப் பட்டத்தை விஞ்ஞானிகள் கணக்கில் சேர்ப்பதில்லை. அது பின்னால் தெரிந்தது.

இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் டி.டி.டி. என்றால் அமிர்தம் மாதிரி. எனக்கே ஞாபகம் இருக்கிறது. சின்ன வயதில் மலேரியா ஒழிப்புக்காரர்கள் பம்பைத் தூக்கிக்கொண்டு ஊருக்குள் வருவார்கள். பாட்டி அவசர அவசரமாக சாமி படங்களைக் கழற்றுவார், தண்ணீர்ப் பானையை வெளியே தூக்கி வைப்பார். சுவரெல்லாம் வெள்ளையாகத் திட்டுத் திட்டாக மருந்து, கதவோரம் அடித்த தேதி. அதில் பலன் இருந்ததையும் சொல்ல வேண்டும். 1950-களின் தொடக்கத்தில் இந்தியாவில் வருஷத்துக்கு ஏழரைக் கோடி என்று மதிப்பிடப்பட்ட மலேரியா நோயாளிகள், 1965 வாக்கில் சுமார் ஒரு லட்சமாகக் குறைந்தார்கள். ஆனால் நான் எம்.எஸ்ஸி. முடித்த 1976-ல் அது 64 லட்சமாகத் திரும்ப ஏறியது. கொசு மருந்துக்குப் பழகிக்கொண்டது அதற்கு ஒரு காரணம். பூச்சிகள் இப்படிப் பழகிக்கொள்ளும் என்று கார்சன் 1962-லேயே தன் புத்தகத்தில் ஒரு அத்தியாயம் எழுதி வைத்திருந்தார்.

டி.டி.டி. பற்றி எழுத 1945-லேயே ஒரு பத்திரிகையிடம் கேட்டிருந்தார், அவர்களுக்கு அக்கறை இல்லை. 1958 ஜனவரியில் மாசசூசெட்ஸிலிருந்து ஒரு பெண்மணி, விமானத்தில் மருந்து தெளித்ததில் தன் தோட்டத்துப் பறவைகள் செத்துக் கிடந்ததை எழுதி அனுப்பியபின் ரேச்சல் வேலையில் இறங்கினார். நான்கு வருஷம் ஆயிற்று. அந்த நான்கு வருஷத்தில் வீட்டில் என்ன நடந்தது என்று கேளுங்கள். ஆரம்பிப்பதற்குச் சற்று முன் அக்கா மகளும் இறந்துபோக, அவருடைய ஐந்து வயது மகனைத் தத்து எடுத்திருந்தார். 1958 கடைசியில் அம்மா இறந்தார். 1960-ல் ரேச்சலுக்கே மார்பகப் புற்றுநோய். அறுவை சிகிச்சையும் கதிர்வீச்சும் நடந்த இடைவெளிகளில் அத்தியாயங்கள் எழுதினார். வியாதியை வெளியில் சொல்லவில்லை. புற்றுநோய் வந்ததால்தான் ரசாயனங்கள் மேல் பழி போடுகிறாள் என்று எதிராளிகள் கிளப்பிவிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும்.

அந்தப் புத்தகத்தில் என் கைடு பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்த ஒரு பகுதியைச் சொல்கிறேன். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு ஆராய்ச்சி மாணவர் 1954-ல் ராபின் பறவைகளின் எண்ணிக்கையை டாக்டர் பட்டத்துக்குத் தலைப்பாக எடுத்தார். ராபின் அங்கே நம் ஊர் மைனா மாதிரி, எங்கும் இருக்கும். பறவைக்குப் பஞ்சம் வரும் என்று யாரும் நினைத்திருக்க முடியாது. அதே வருஷம் எல்ம் மரங்களின் நோயைப் பரப்பும் வண்டுகளுக்காக வளாகத்தில் டி.டி.டி. அடிக்க ஆரம்பித்தார்கள். அடுத்த வசந்தத்தில் வலசை வந்த ராபின்கள் புல்தரையில் துடித்துத் துடித்து விழுந்தன. எண்ண வேண்டிய பறவை இல்லாமல் போகவே ஆய்வின் போக்கே மாறிப்போனது. மருந்து அடித்தது மரத்துக்கு, செத்தது பறவை. எப்படி? இலையில் ஒட்டிய மருந்து மழைக்குக் கரையவில்லை. இலையுதிர் காலத்தில் அந்த இலைகள் உதிர்ந்தன, மண்புழுக்கள் அவற்றைத் தின்றன, மருந்து புழுவின் உடம்பில் சேர்ந்தது. வசந்தத்தில் வந்த ராபின் அந்தப் புழுவைத் தின்றது. பதினோரு பெரிய மண்புழு போதும், ஒரு ராபினைக் கொல்ல. அவ்வளவு புழுவை அது சில நிமிஷங்களில் தின்றுவிடும். இந்தச் சங்கிலியை இல்லினாய்ஸில் ஒரு ஆய்வாளர் கண்டுபிடித்து 1958-ல் வெளியிட்டிருந்தார்.

கார்சன் தானாக எந்தப் பறவையையும் அறுத்துப் பார்க்கவில்லை, எந்தப் புழுவையும் சோதிக்கவில்லை. இப்படி நூற்றுக்கணக்கான ஆய்வுக் கட்டுரைகள் அங்கங்கே நூலக அடுக்குகளில் தனித்தனியாகக் கிடந்தன. பூச்சி ஆய்வாளர் மீன் கட்டுரையைப் படிப்பதில்லை, மீன் ஆய்வாளர் பறவைக் கட்டுரையைத் தொடுவதில்லை. அவர் எல்லாவற்றையும் படித்தார், எழுதியவர்களுக்குக் கடிதம் போட்டுச் சந்தேகம் கேட்டார், அத்தியாயங்களைத் துறை வல்லுநர்களுக்கு அனுப்பித் திருத்தினார். புத்தகத்தின் பின்னால் ஆதாரப் பட்டியல் மட்டும் சுமார் 55 பக்கம். எனக்கு அது கெளுத்தி மீன் வேலையின் தொடர்ச்சியாகவே படுகிறது. கருவில் ஒவ்வொரு பருவமாகச் சீவிப் பார்த்து, எது எதனால் ஆகிறது என்று வரிசைப்படுத்தக் கற்றுக்கொண்ட கை அது. ஹாப்கின்ஸ் அவருக்கு முழுப் பட்டம் தராவிட்டாலும் இந்தப் பழக்கத்தைக் கொடுத்தது.

1962 ஜூனில் நியூயார்க்கர் பத்திரிகையில் தொடராகவும், செப்டம்பர் 27-ல் புத்தகமாகவும் வந்தது. ரசாயனக் கம்பெனிகள் சும்மா இருக்குமா? ஒரு நிறுவனம் வழக்குப் போடுவதாகப் பதிப்பாளரை மிரட்டியது. கேலிக் கட்டுரைகள் வந்தன. எல்லாவற்றையும்விட அதிகம் திருப்பித் திருப்பிச் சொல்லப்பட்டது இது: இந்த அம்மாள் படித்தது கடல் உயிரியல், உயிர்வேதியியல் அல்ல, டாக்டர் பட்டம் கிடையாது, எந்த ஆய்வு நிலையத்திலும் பதவி கிடையாது. 1934-ல் காசில்லாமல் நிறுத்திய படிப்பு 28 வருஷம் கழித்து இப்படி எதிரே வந்து நின்றது. பட்டத்தில் என்ன இருக்கிறது என்று மேடையில் சுலபமாகப் பேசுகிறவர்களை நான் நம்புவதில்லை. அப்படிச் சொல்பவர்கள் பெரும்பாலும் பட்டத்தைச் சட்டம் போட்டு மாட்டி வைத்திருப்பவர்கள்தான். இல்லாதவருக்கு அது எங்கெங்கே இடிக்கும் என்று இல்லாதவருக்குத்தான் தெரியும்.

பூச்சிமருந்தையே உலகத்திலிருந்து ஒழிக்கச் சொல்கிறார் என்றும் பிரசாரம் செய்தார்கள். அது உண்மையில்லை. என்ன விளைவு என்று தெரியாமல், கண்மூடித்தனமாக வானத்திலிருந்து கொட்டாதீர்கள் என்பதுதான் அவர் வாதம். 1963 மே மாதம் ஜனாதிபதி கென்னடியின் விஞ்ஞான ஆலோசனைக் குழு அறிக்கை பெருமளவு அவர் பக்கம் நின்றது. ஜூன் 4-ல் செனட் துணைக் குழு முன் சாட்சி சொல்ல வந்தார். சிகிச்சையில் முடி கொட்டியிருந்ததை மறைக்க டோப்பா வைத்துக்கொண்டு, வலியைக் காட்டிக்கொள்ளாமல் உட்கார்ந்து கேள்விகளுக்குப் பதில் சொன்னார். 1964 ஏப்ரல் 14-ல் மேரிலாந்தில் சில்வர் ஸ்பிரிங் வீட்டில் காலமானார். வயது 56. அமெரிக்காவில் விவசாயத்தில் டி.டி.டி.க்குத் தடை வந்தது 1972-ல். அவர் அதைப் பார்க்கவில்லை. 1980-ல் அந்நாட்டின் உயர்ந்த குடிமக்கள் விருது அவர் பெயருக்கு வழங்கப்பட்டபோது, தத்து எடுத்து வளர்த்த பையன் போய் வாங்கிக்கொண்டான்.

என் கதையில் சொல்ல அதிகம் இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் பிளஸ் டூ விலங்கியல் எடுத்து 2011-ல் ஓய்வு பெற்றேன். தம்பி தங்கைகள் நன்றாக இருக்கிறார்கள். போன மாதம் வீட்டுக்கு வெள்ளை அடித்தபோது பரணில் இருந்து பழைய ஸ்லைடு பெட்டி இறங்கியது. திலேப்பியா செவுள், ஈரல், எல்லாம் சேர்த்து 140 ஸ்லைடு. இரண்டுதான் உடைந்திருக்கிறது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். சாயம் வெளுத்திருக்கிறது, ஆனாலும் செவுள் இழைகள் தெரிகின்றன. கட்டுப்பாட்டு மீன் எது, மருந்தில் இருந்த மீன் எது என்று கண்ணாலேயே பிரிக்க முடிகிறது. துறைத் தலைவரிடம் பேசினேன், கொண்டு வாருங்கள் அம்மா, மியூசியத்தில் வைக்கலாம் என்றார். சந்திப்பு அன்று காலையில் பெட்டியோடு வருகிறேன். அந்த மூன்று டாக்டர்களில் யாராவது கேட்டில் நின்று ஒரு கை பிடித்தால் உதவியாக இருக்கும், பெட்டி கொஞ்சம் கனம்.

(முன்னாள் மாணவி, எம்.எஸ்ஸி. விலங்கியல், 1974–76)